ஒரு சக்கரம் சுட்டது. ஓர் ஊர் காலியானது!

அமெரிக்காவில் ஈஸ்ட் பாலஸ்தீன் என்று ஓர் ஊர். மேற்கு ஆசியாவில் இருக்கும் பாலஸ்தீனம் அல்ல இது. ஓஹையோ மாகாணத்தின் கிழக்குக் கோடியில், பென்சில்வேனியா மாகாண எல்லையை ஒட்டி இருக்கும் சின்ன ஊர். ஜனத்தொகை ஐயாயிரத்துக்கும் குறைவு.

2023-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி இரவு. கடுங்குளிர். மணி ஒன்பது அடிக்கச் சில நிமிஷங்களே இருந்தன. அப்போது அந்த ஊர் வழியாக வந்த கூட்ஸ் ரெயில் ஒன்று தடம் புரண்டது. 38 வண்டிகள் தண்டவாளத்தை விட்டு இறங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்தன. அவற்றில் 11 வண்டிகளில் அபாயகரமான ரசாயனப் பொருள்கள் இருந்தன. தீ மூண்டது. வானம் சிவந்தது. சுமார் 2,000 பேர் குழந்தை குட்டிகளுடன் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது.

யாரும் குண்டு வைக்கவில்லை. டிரைவர் தூங்கிவிடவில்லை. எதிரே வேறு ரெயில் வரவில்லை. பிறகு நடந்தது என்ன? ஒரே ஒரு சக்கரத்தின் பேரிங் சூடேறி, பழுத்து, சிதைந்து போயிற்று. அவ்வளவுதான்!

"ஒரு பேரிங்குக்காக ஓர் ஊர் காலியாகுமா?" என்று கேட்கத் தோன்றும். ஆனதே! அது எப்படி ஆயிற்று என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கும் நல்லது. ஏனென்றால், அதே மாதிரிப் பேரிங் நம் ஊர் டிராக்டர் டிரெய்லரிலும் இருக்கிறது.

பேரிங் என்றால் என்ன?

சக்கரம் சுழலும். அச்சு பாரத்தைத் தாங்கும். இரண்டும் ஒன்றோடொன்று உராய்ந்தால் சூடு பிறக்கும். இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சில விநாடிகளில் கை சுடும். சில மணங்கு பாரத்தையும் பல மைல் தூரத்தையும் சேர்த்து எண்ணினால், சக்கரத்தின் கதி விளங்கும்.

நம் முன்னோர்கள் இதை அறிந்திருந்தார்கள். வைக்கோலைக் கருக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, மை செய்து கட்டை வண்டியின் அச்சுக்குப் போட்டார்கள். வண்டியில் ஏறும் பிள்ளைகள் வேட்டியிலும் பாவாடையிலும் அந்த மையை அப்பிக்கொண்டு வந்து வீட்டில் திட்டு வாங்கியது உண்டு. மை போடாத வண்டி "கிறீச், கிறீச்" என்று கத்தும். மாடு திணறும். அச்சும் தேயும்.

பிறகு விஞ்ஞானம் ஒரு வழி கண்டது. பெரிய கல்லைத் தரையில் இழுத்தால் நகராது. அடியில் உருளைக் கட்டைகளைப் போட்டுத் தள்ளினால் நகரும் அல்லவா? அதே யுக்திதான். அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே சின்னச் சின்ன எஃகு உருளைகளை வைத்தார்கள். தேய்ப்பது போய், உருள்வது வந்தது. இதுதான் ரோலர் பேரிங்.

ஒரு பக்கம் பருத்தும் மறு பக்கம் சிறுத்தும் இருக்கும் உருளைகளைக் கொண்ட பேரிங்குக்கு அமெரிக்காவில் 1898-ல் காப்புரிமை பெற்றவர் ஹென்றி டிம்கன். அவர் ஜெர்மனியில் பிறந்தவர். அமெரிக்காவுக்குக் குடியேறி, குதிரை வண்டிகள் செய்து விற்றவர். இந்த வகைப் பேரிங், மேலிருந்து வரும் பாரத்தையும் தாங்கும். வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் வரும் தள்ளுதலையும் தாங்கும். ஆகவே குதிரை வண்டியில் தொடங்கிய அது, மோட்டாருக்கும், டிரெய்லருக்கும், ரெயிலுக்கும் பரவியது. டிம்கனின் தொழிற்சாலை பிறகு போய்ச் சேர்ந்த இடம் கான்டன் நகரம். அதுவும் ஓஹையோ மாகாணம்தான். பேரிங்குக்குப் பெயர் பெற்ற மாகாணத்திலேயே பேரிங் ஓர் ஊரை விரட்டியது, விதியின் விளையாட்டு!

கிரீஸ் செய்யும் வேலை

உருளைகள் உருண்டாலும், எஃகும் எஃகும் நேரே தொடக்கூடாது. நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் வேண்டும். வெறும் எண்ணெய் ஊற்றினால் வழிந்துவிடும். ஆகவே எண்ணெயைச் சோப்புப் போன்ற பொருளில் பிடித்து வைக்கிறார்கள். அதுதான் கிரீஸ். நனைந்த பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறதே, அது போலக் கிரீஸ் எண்ணெயை விடுகிறது.

கிரீஸுக்கு எதிரிகள் நான்கு. ஒன்று, தண்ணீர். இரண்டு, மண்ணும் தூசியும். மூன்று, அளவு மீறிய பாரம். நான்கு, காலம். தண்ணீர் புகுந்தால் துரு பிடிக்கும். தூசி புகுந்தால் அரத்தூள் போல் அராவும். பாரம் மிகுந்தால் எண்ணெய்ப் படலம் கிழியும். காலம் சென்றால் எண்ணெய் வற்றி, வறட்டுச் சோப்பு மட்டும் மிஞ்சும்.

அமெரிக்க ரெயிலின் அந்தச் சக்கரத்தில் இந்த எதிரிகளில் யார் புகுந்தார், அல்லது எஃகிலேயே குறை இருந்ததா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எது நேர்ந்தாலும் முதல் அடையாளம் ஒன்றுதான். சூடு!

சூடு ஏறினால் கிரீஸ் இளகி ஓடிவிடும். கிரீஸ் ஓடினால் சூடு மேலும் ஏறும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும். முதலில் மெதுவாக ஏறும் சூடு, கடைசியில் பாய்ந்து ஏறும். எஃகு பழுக்கும். அச்சின் நுனி மெழுகு போல் இளகி முறியும். பிறகு வண்டி எப்படி நிற்கும்?

மூன்று இடங்கள், மூன்று அளவுகள்

அந்தக் கூட்ஸ் ரெயிலில் 149 வண்டிகள். நீளம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மைல். ஓட்டிச் சென்றவர்கள் மூன்று பேர்; அவர்களில் ஒருவர் வேலை பழகுகிறவர். சூடேறியது 23-வது வண்டியின் சக்கரம். அந்த வண்டியில் இருந்தது விஷமும் அல்ல, வெடியும் அல்ல. வெறும் பிளாஸ்டிக் மணிகள்!

எஞ்சினில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஒரு சக்கரம் எப்படித் தெரியும்? அதற்காகத் தண்டவாளத்தின் ஓரத்தில் கருவிகளை வைத்திருந்தார்கள். ரெயில் போகும்போது ஒவ்வொரு பேரிங்கின் உஷ்ணத்தையும் அந்தக் கருவி அளக்கும். அபாயம் என்றால் எஞ்சினில் உள்ளவர்களுக்கு ரேடியோ மூலம் சொல்லும்.

முதல் கருவி செப்ரிங் என்ற ஊரில் இருந்தது. அங்கே அந்தப் பேரிங், வெளிக் காற்றின் உஷ்ணத்தைவிட 21 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருந்தது.

அடுத்த கருவி 10 மைல் தாண்டி, சேலம் என்ற ஊரில். மாம்பழத்துக்குப் பெயர் போன நம் சேலம் அல்ல. ஓஹையோவிலும் ஒரு சேலம் உண்டு! அங்கே 57 டிகிரி அதிகம்.

மூன்றாவது கருவி மேலும் 20 மைல் தாண்டி, ஈஸ்ட் பாலஸ்தீனில். அங்கே சுமார் 140 டிகிரி அதிகம்!

அப்போதுதான் எச்சரிக்கை மணி எஞ்சினில் ஒலித்தது. ஓட்டியவர்கள் ரெயிலை நிறுத்த முயன்றார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சேலத்தில் ஏன் மணி ஒலிக்கவில்லை?

கருவி பழுதாகவில்லை. அது தன் வேலையைச் செய்தது. நார்ஃபோக் சதர்ன் என்ற அந்த ரெயில் கம்பெனி வைத்திருந்த விதிதான் அப்படி. வெளிக் காற்றைவிடச் சுமார் 94 டிகிரி அதிகமானால்தான் ரெயிலை நிறுத்திப் பார்க்க வேண்டும். 111 டிகிரியைத் தாண்டினால்தான் பெரிய அபாயம். சேலத்தில் 57 டிகிரிதானே! ஆகவே ரெயிலை ஓட்டியவர்களுக்கு எச்சரிக்கை போகவில்லை.

இங்கேதான் யோசிக்க வேண்டும். 57 என்பது சின்ன எண்ணாக இருக்கலாம். ஆனால் பத்தே மைலில் 21 டிகிரி 57 டிகிரியாக ஏறியிருக்கிறதே! இரண்டரை மடங்குக்கும் மேல்! வீட்டில் குழந்தைக்குக் காலையில் லேசான காய்ச்சல். மத்தியானம் அதைவிட அதிகம். "இன்னும் 104 ஆகவில்லை, பேசாமல் இரு" என்று எந்தத் தாயாவது சொல்வாளா? எண் எவ்வளவு என்று பார்ப்பதோடு அவள் நிற்பதில்லை. எப்படி ஏறுகிறது என்று பார்க்கிறாள்.

இன்னொன்றும் உண்டு. கருவி அளப்பது பேரிங்கின் வெளிப்புறச் சூட்டை. உள்ளே அதைவிட அதிகமாகக் கொதித்துக்கொண்டிருக்கலாம். வெளியே தெரியும் எண் ஒரு படி பின்தங்கியே வரும். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் என்ற அமெரிக்க விசாரணை அமைப்பு இந்தக் குறையைச் சுட்டிக் காட்டியது.

கருவிக்கும் கருவிக்கும் நடுவே இருந்தது 20 மைல். மூன்று அடிக் குறுக்களவுள்ள சக்கரம் ஒரு மைலுக்குச் சுமார் 560 சுற்றுச் சுற்றும். சேலத்துக்கும் ஈஸ்ட் பாலஸ்தீனுக்கும் நடுவே 11,000 தடவைக்கு மேல் அந்தச் சக்கரம் சுழன்றிருக்கும். அத்தனை சுற்றும் அதைப் பார்ப்பதற்குக் கருவி இல்லை. இத்தனை மைலுக்கு ஒரு கருவி கட்டாயம் வைத்தே தீரவேண்டும் என்று அப்போது அமெரிக்க மத்திய அரசாங்கச் சட்டமும் இல்லை. கம்பெனிகள் தாங்களே வைத்தன; தாங்களே விதி செய்துகொண்டன.

மறுபடியும் ஒரு சூடு!

விபத்து அதோடு முடியவில்லை. கவிழ்ந்த டாங்கி வண்டிகளில் ஐந்தில் வினைல் குளோரைடு இருந்தது. பிளாஸ்டிக் குழாய் செய்ய உதவும் பொருள் இது. வாயுவாகப் பரவினால் நச்சு, தீப்பற்றும். ஒரு டாங்கியில் சூடு ஏறுகிறது, அது வெடித்துவிடும் என்ற பயம் கிளம்பியது. பிப்ரவரி 6-ந் தேதி ஐந்து டாங்கிகளையும் வெடி வைத்துத் துளைத்து, உள்ளே இருந்ததைக் குழியில் கொட்டி, கொளுத்தினார்கள். கறுத்த புகை மலை போல் எழுந்தது. உலகம் முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்தது.

2024 ஜூன் மாதம் விசாரணை வாரியம் தன் முடிவைச் சொன்னது. அப்படிக் கொளுத்தியிருக்க வேண்டியதே இல்லை! அந்த டாங்கியின் சூடு ஏறிக்கொண்டே போகவில்லை, இறங்கிக்கொண்டு இருந்தது. ரசாயனத்தைச் செய்த கம்பெனியின் நிபுணர்கள், டாங்கிக்குள் வெடிப்புக்குரிய மாறுதல் நடக்கவில்லை என்று கருதினார்கள். அந்தக் கருத்து, முடிவு செய்ய வேண்டியவர்களிடம் போய்ச் சேரவில்லை.

எவ்வளவு வேதனை! முதலில் ஏறிய சூட்டை யாரும் கவனிக்கவில்லை. பிறகு இறங்கிய சூட்டையும் யாரும் கவனிக்கவில்லை. இரண்டு தடவையும் அளவு எடுக்கப்பட்டது. இரண்டு தடவையும் அதன் பொருள் உரியவரைச் சேரவில்லை.

செலவு யாருக்கு?

அந்தப் பகுதியின் ஓடைகளில் மீன்களும் சிற்றுயிர்களும் நாற்பதாயிரத்துக்கு மேல் செத்திருக்கும் என்று ஓஹையோ அதிகாரிகள் கணக்கிட்டார்கள். மண்ணை வாரிக்கொண்டு போனார்கள். நீரை இறைத்துக்கொண்டு போனார்கள். தலைவலி, கண் எரிச்சல் என்று ஜனங்கள் முறையிட்டார்கள். "குடிக்கிற தண்ணீர் நல்லதுதானா? குழந்தை மண்ணில் விளையாடலாமா?" என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்தது.

வழக்குத் தொடர்ந்த ஜனங்களுக்கு 60 கோடி டாலர் கொடுக்க ரெயில் கம்பெனி 2024 ஏப்ரலில் இசைந்தது. மறு மாதம், மத்திய அரசாங்கத்துடன் 31 கோடி டாலருக்கு மேற்பட்ட சமரசம். ஒரு பேரிங்கின் விலையையும், ரெயிலைச் சேலத்தில் நிறுத்திப் பார்க்கப் பிடிக்கும் நேரத்தையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

2023 மார்ச்சில் அமெரிக்க செனட் சபையில் ரெயில் பாதுகாப்பு மசோதா ஒன்று வந்தது. ஓஹையோவின் இரண்டு செனட்டர்களும் எதிர் எதிர்க் கட்சிக்காரர்கள். ஆயினும் சேர்ந்தே கொண்டுவந்தார்கள். பேரிங் சூட்டை அளக்கும் கருவிகளுக்குச் சட்டம் வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். அந்தச் சபையின் காலம் 2025 ஜனவரியில் முடியும்வரை மசோதா நிறைவேறவில்லை. புகை கலைந்ததும் அவசரமும் கலைந்துவிடுகிறது. இது எல்லா நாட்டுக்கும் பொதுவான வியாதி.

பச்சைக் கொடியின் அர்த்தம்

நம் நாட்டில் ரெயில் பிரயாணம் செய்கிறவர்கள் ஒன்றைப் பார்த்திருப்பார்கள். ரெயில் நிற்காமல் கடந்து போகும் சின்ன ஸ்டேஷனிலும், ஓர் ஊழியர் பச்சைக் கொடியுடன் நிற்பார். இரவானால் பச்சை விளக்கு. "இது வெறும் சடங்கு" என்று நினைக்கிறவர்கள் உண்டு. அல்ல! அவர் ஓடுகிற ரெயிலைக் கவனித்துக்கொண்டு நிற்கிறார். எந்தச் சக்கரத்திலாவது புகை வருகிறதா? தீப்பொறி பறக்கிறதா? கருகல் நாற்றம் அடிக்கிறதா? ஏதாவது தொங்குகிறதா? எல்லாம் சரி என்றால்தான் பச்சை. அபாயம் என்றால் சிவப்பு. ரெயிலின் கடைசியில் இருக்கும் ரெயில் மேலாளர், முன்பு கார்டு என்று அழைக்கப்பட்டவர், பதிலுக்குப் பச்சை காட்டுவார். அச்சு சூடேறுவதை "ஹாட் ஆக்சில்" என்று ரெயில்வேக்காரர்கள் சொல்வார்கள். சூட்டை அளக்கும் கருவிகள் இந்தியாவிலும் வந்திருக்கின்றன. கருவி வேண்டும். அதோடு, சந்தேகம் வந்தால் நிறுத்தும் அதிகாரம் உள்ள மனிதரும் வேண்டும்.

நம் டிரெய்லர்

கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லருக்குக் கொடி காட்ட ஆள் இல்லை. அதைப் பார்க்க வேண்டியவர் அதன் சொந்தக்காரரும் டிரைவருமே. அறுவடை முடிந்தால் டிரெய்லர் மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. வயல் சேற்றில் சக்கரம் இறங்குகிறது. அடுத்த அறுவடைக்கு அப்படியே பாரம் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்தால் பேரிங் என்ன செய்யும்?

அமெரிக்காவில் டிரெய்லர் அச்சு செய்கிறவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு: 12 மாதத்துக்கு ஒரு தடவை, அல்லது 12,000 மைலுக்கு ஒரு தடவை, இரண்டில் எது முந்துகிறதோ அப்போது பேரிங்கைக் கழற்றிப் புதுக் கிரீஸ் போட வேண்டும். சேற்றிலும் நீரிலும் ஓடும் வண்டிக்கு இன்னும் அடிக்கடி போடலாம்.

வேலை கடினம் அல்ல. ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, அச்சுக்கு உறுதியான தாங்கல் வைத்த பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது.

பேரிங்கையும், அது உட்காரும் குடத்தின் உட்புறத்தையும் மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவ வேண்டும். பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது. காய்ந்ததும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உருளை பளபளவென்று இருந்தால் நல்லது. நீலம் பாரித்திருந்தால் சூடு கண்டது. குழி விழுந்திருந்தால் ஆயுள் முடிந்தது. அதை மறுபடி போடுவது பொய்ச் சிக்கனம். பேரிங்கை மாற்றும்போது, அதன் வெளி வளையத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரண்டும் ஜோடி.

உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். மறு பக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை விடக்கூடாது. மேலே பூசுவது கண்ணுக்கு அழகு. உள்ளே போவதுதான் சக்கரத்துக்குச் சோறு. பழைய கிரீஸின் மேல் வேறு ஜாதிக் கிரீஸைக் கலக்கக்கூடாது. சில ஜாதிகள் கலந்தால் இளகி ஓடிவிடும். ஆயில் சீல் புதிதாகப் போட வேண்டும். தண்ணீரையும் தூசியையும் தடுக்கும் காவல்காரன் அதுதான்.

கடைசியில் நட்டு. சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்திவிட வேண்டும். அளவு மீறி இறுக்கினால் சூடாகும். அளவு மீறித் தளர்ந்தால் சக்கரம் ஆடும். எவ்வளவு என்பதை அந்த அச்சைச் செய்த கம்பெனியின் குறிப்பிலோ, விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும். நட்டுக்குப் பூட்டாக இருக்கும் பின்னைப் புதிதாகப் போட மறக்கக்கூடாது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

பாரம் ஏற்றிப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஓடியதும் ஓரமாக நிறுத்த வேண்டும். சக்கரத்தின் நடுக் குடத்துக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோக வேண்டும். அனல் அடித்தால் தொடவே வேண்டாம். அடிக்காவிட்டால் மெல்லத் தொட்டுப் பார்க்கலாம். வெதுவெதுப்பாக இருந்தால் பாதகம் இல்லை. எல்லாச் சக்கரங்களையும் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் அதில் கோளாறு. பிரேக் பிடித்துக்கொண்டாலும் சூடாகும். எதுவானாலும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். "இன்னும் பத்து மைல்தானே" என்று ஓட்டக்கூடாது. சேலத்தைத் தாண்டிய ரெயிலுக்கும் இன்னும் இருபது மைல்தான் இருந்தது!

சக்கரம் பேசாது. ஆனால் சுட்டுக் காட்டும். முனகிக் காட்டும். அதைக் கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். தினமும் ஒரு நிமிஷம் குனிந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். பார்த்தவர் "நிறுத்துங்கள்" என்று சொன்னால், முதலாளி கோபித்துக்கொள்ளாமல் நிறுத்த வேண்டும். ஒரு கை கிரீஸும் ஒரு நிமிஷப் பொறுமையும் காக்கக்கூடியதை, பிறகு கோடி கோடியாகக் கொட்டினாலும் முழுதாகத் திரும்பப் பெற முடியாது.